மச்சாதுவும் மசூதும்

அப்பாவின் எச்சிலில் போர்த்துகல் இல்லை என்று தெரிந்த பிறகு, எங்கள் வீட்டில் ஒரு வாரம் இழவு வீட்டுக் களை இருந்தது.

அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெயர் தொபியாஸ் மச்சாது. லிஸ்பனிலிருந்து பாய்க்கப்பலில் வந்த கேப்டன் மச்சாதுதான் எங்கள் மூதாதை என்று மீன் கடையிலும் கல்யாணப் பந்தியிலும் சொல்லுவார். நான் பல் டாக்டர். என் கிளினிக்கில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும் நோயாளிகளிடமும் சொல்லுவார். அவர்களால் எதிர்த்துப் பேச முடியாது என்பது அவருக்கு வசதி.

கனடாவில் இருக்கும் என் தம்பி அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு மரபணுச் சோதனைப் பெட்டியை அனுப்பினான். குழாயில் துப்பி அனுப்பினால் முன்னோர்கள் எந்த ஊர் என்று படம் போட்டுச் சொல்வார்கள். அப்பா காலையில் பல் துலக்கி, ஜெபம் சொல்லி, துப்பினார். முடிவு என் கைபேசிக்கு வந்தது. உலக வரைபடம். எங்கள் கரையும் எதிரே இலங்கையின் மேற்குக் கரையும் மட்டும் பச்சை.

"ஏட்டி, ஐரோப்பா பூரா வெள்ளையா இருக்கு பாத்தியா!" என்று துள்ளினார்.

"வெள்ளைன்னா அங்க ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம்ப்பா."

அதோடு போய்ப் படுத்தவர்தான்.

எழுப்பியவன் தோஹாவில் வேலை பார்க்கும் ரிஸ்வான் என்கிற பையன். உங்கள் தூரத்து உறவு என்று அந்த நிறுவனமே அவனைக் காட்டியது. நான் செய்தி அனுப்ப, அவன் கூப்பிட்டான். ஊர் கற்பிட்டி, இலங்கையின் புத்தளம் பக்கம்.

"எங்களுக்கு ஊர்ல மசூது வம்சம் எண்டு பேர் டொக்டர். அரபு நாட்டில இருந்து கப்பல்ல வந்த மசூது எண்ட வியாபாரிட பரம்பரை. அத உறுதிப்படுத்தத்தான் நானும் துப்பின. ரிசல்ட்ல அரபு நாடே இல்ல. வாப்பாக்கு இன்னும் சொல்லல்ல. அவருக்குப் பிரஷர் இரிக்கி."

மச்சாது, மசூது. இரண்டையும் நான் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த நோயாளி பயந்துபோனார். அந்த மாதம் எனக்குக் கொழும்பில் பல் மருத்துவர்களின் கூட்டம் ஒன்று இருந்தது. சண்டை ஓய்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன, தைரியமாகப் போகலாம். விஷயத்தைச் சொன்னதும் அப்பா கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

"நானும் வாறேன். அந்த அரபிக்காரனைப் பாக்கணும்."

தன்னைப் போலவே ஏமாந்த இன்னொரு மனுசனைப் பார்க்கும் ஆசை முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

கூட்டம் முடிந்த மறுநாள் புத்தளம் பஸ். அப்பாவுக்குப் பாதி உயிர் கொழும்பு பேக்கரியிலேயே திரும்பிவிட்டது. ரொட்டியை இங்கே பாண் என்கிறார்கள். நாற்காலி கதிரை. செருப்புக் கடையில் சப்பாத்து. "எல்லாம் போர்த்துகீஸ் வார்த்தைடி! இந்த ஊரே நம்ம ஊரு!" என்று ஒரு றாத்தல் பாணை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார். சிலாபம் தாண்டும்போது கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ கத்தினார், பஸ்ஸே சிரித்தது. பக்கத்து இருக்கைப் பெண் எனக்குத் தமிழில் சொன்னாள்: "பாணோட நிக்கிற தாத்தாக்கு இடம் குடுங்க, இல்லாட்டி பாணுக்காவது குடுங்க எண்டு சொல்றான்."

முந்தல் என்ற ஊரில் டயர் வெடித்தது. எங்கள் ஊரில் என்றால் அந்த நேரத்துக்கு டிரைவரைச் சுற்றி ஒரு பொதுக்கூட்டமே நடந்திருக்கும். இங்கே எல்லாரும் அமைதியாக இறங்கித் தென்னை நிழலுக்குப் போனார்கள். சாலையோரத்தில் ஒரு தேநீர்க் கடை. எதிரே தென்னந்தோப்பு, தோப்புக்குப் பின்னால் சதுரம் சதுரமாக இறால் பண்ணை. கடைக்கார அம்மாள் சுடச்சுட இறால் வடை போட்டுக்கொண்டிருந்தார். வடையின் மேல் ஒரு முழு இறால் தலையோடு உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. அப்பா நான்கு தின்றுவிட்டு வழக்கம்போல் ஆரம்பித்தார்.

"நான் மச்சாது. போர்த்துகல் பேரு."

அந்த அம்மாள் கரண்டியை வைக்கவேயில்லை. "நான் பெரேரா. எங்கட வீட்டுக்காரர் பெர்னாந்து. டயர் மாத்துற டிரைவர் மென்டிஸ். இந்த ரோட்டில எல்லாரும் போர்த்துக்கல்தான் ஐயா. பாஸ்போட் மட்டுந்தான் தாறான் இல்ல."

பெஞ்சில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா ஐந்தாவது வடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் போய்விட்டார்.

புத்தளம் வந்ததும் உப்பளங்கள். தூத்துக்குடியை யாரோ கழற்றிக் கொண்டுவந்து இங்கே மாட்டிவிட்டது போல அதே வெள்ளைக் குவியல், அதே கண் கூசும் வெளிச்சம். அங்கிருந்து கற்பிட்டிக்கு ஆட்டோ. பாதி வழியில் நடுரோட்டில் கழுதைகள் கூட்டமாக நின்றன. ஹார்ன் அடித்தும் அசையவில்லை. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்தார். "இதுகள் அந்தக் காலத்தில அரபு வியாபாரிமார் கொண்டு வந்த. இப்ப ரோட்டு இதுகள்ட," என்றார். கழுதைகள் தங்களுக்குத் தோன்றியபோது வழிவிட்டன.

ரிஸ்வானின் வாப்பா லத்தீப் ஹாஜியார் வாசலிலேயே காத்திருந்தார். கருவாட்டு வியாபாரி, சொந்தமாகப் படகுகள் உண்டு. வெள்ளைத் தாடி, இடுப்பில் வெள்ளைச் சாரம், அப்பாவைவிட நாலைந்து வயது குறைவு. மகனுக்குத் தெரிந்த இந்தியாக்காரர்கள் என்ற அளவில்தான் எங்களைப் பற்றி அவருக்குத் தெரியும்.

"வாங்க, வாங்க. இரிங்க, கதைப்பம்."

அப்பா கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, "சொல்லுங்க, என்ன கதை?" என்றார்.

ஹாஜியார் ஒரு கணம் முழித்தார். பேசலாம் என்றுதான் அவர் சொன்னது. ஆனால் கேட்டவரை ஏமாற்ற மனமில்லாமல் கதையே சொல்லத் தொடங்கிவிட்டார். அரபு நாட்டிலிருந்து புறப்பட்ட கப்பல். நடுக்கடலில் புயல். பலகையைப் பிடித்து நீந்திக் கரையேறிய மசூது. "மசூது எண்டா பாக்கியசாலி எண்டு அர்த்தம். எங்கட வாப்பாட வாப்பா அவர். கடலுக்கு அங்கால இருந்து வந்தன் எண்டு மட்டும் சொல்லுவாராம், வேற ஒண்டும் சொல்ல மாட்டாராம். பெரிய எடத்து ஆக்கள் அப்பிடித்தானே, பெருமை பேசமாட்டாங்க."

அப்பா விடுவாரா? "எங்க மூதாதை கேப்டன். கப்பலே அவரோடது," என்றார்.

சோதனை முடிவு என்ற ஒன்று வந்ததாகவே அவருக்கு நினைவில்லை. சாப்பாட்டுக்கு சஹன் வந்தது. பெரிய தட்டில் சோறு, மேலே கோழி, கணவாய் மீன், கத்தரிக்காய்ப் பொரியல். ஆண்கள் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது இவர்கள் வழக்கம். பிறர் எச்சில் கை பட்ட தண்ணீரைக்கூடக் குடிக்காத அப்பா, ஹாஜியாரோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து அள்ளி அள்ளித் தின்றார். நான் உள்ளறையில் பெண்களோடு. திரைக்கு அந்தப் பக்கத்தில் கேப்டனின் பீரங்கியும் மசூதின் முத்து மூட்டையும் மாறி மாறி வளர்ந்துகொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பை அடக்கிப் புரையேறியது. ஹாஜியாரின் மனைவி ஹலீமா என் தலையில் தட்டித் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

நான் பல் டாக்டர் என்று தெரிந்ததும் தின்றுகொண்டிருந்த வட்டிலப்ப இனிப்பை வைத்துவிட்டு வரிசையாக வாயைத் திறந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு தேக்கரண்டியை வைத்துக்கொண்டு பார்த்தேன். ஹலீமாவுக்குக் கடைவாயில் சொத்தை. அடுத்து மகள் பரீதா. அவள் வாயைத் திறந்ததும் என் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது.

முன்பல் இரண்டுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டிய பல், அரிசிமணி அளவுக்குச் சிறுத்துக் கூராக இருந்தது. இது சில குடும்பங்களில் வழிவழியாக வரும். அப்பாவுக்கு இருக்கிறது, என் தம்பிக்கு இருக்கிறது. எனக்கும் இருந்தது, படிக்கும் காலத்தில் மேலே உறை போட்டு மறைத்துக்கொண்டேன்.

"என்ன டொக்டர், கழட்டணுமா?" என்று பரீதா கலங்கினாள்.

"வேண்டாம், வேண்டாம். ரொம்ப அழகான பல்," என்றேன். அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போலிருந்தது. கொடுத்தும் விட்டேன். இந்தியாவில் டாக்டர்கள் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை உச்சமுனைக்குக் கிளம்பினோம். களப்பு என்கிற காயலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மீனவர் தீவு. மசூது முதன்முதலில் குடிசை போட்டதும், கடைசியில் அடங்கியதும் அங்கேதானாம். கரையில் வெள்ளைக்காரப் பையன் ஒருவன் பெரிய பட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டு பலகையில் கடல் மேல் பறக்கத் தயாராகிக்கொண்டிருந்தான். அப்பா அவனிடம் நடந்து போய், "போர்த்துகல்?" என்று ஆசையாகக் கேட்டார். "போலந்து," என்றான். அப்பா திரும்பி வந்துவிட்டார்.

ஹாஜியாரே படகோட்டினார். படகில் காலை வைப்பதற்கு முன் அவர் ஒன்று செய்தார். வலது கையை நெற்றியில் வைத்தார். பிறகு நெஞ்சில் வைத்தார். அங்கிருந்து கையை எடுத்துத் தாடியை மெல்ல நீவிவிட்டுக்கொண்டார்.

"இது என்ன?" என்று அப்பா கேட்டார். குரல் மாறியிருந்தது.

"அரபு நாட்டுச் சலாம். வாப்பாட வாப்பா காட்டித் தந்த. கடலுக்குப் போக முந்தி எங்கட குடும்பத்து ஆம்பிளைகள் எல்லாரும் இப்பிடித்தான் செய்ற."

அப்பா படகில் ஏறினார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்தார்.

களப்பின் நடுவில் எஞ்சின் நின்றது. தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் கடற்புல் சுற்றியிருந்தது. அவ்வளவு விரிந்த நீர்ப்பரப்பு, ஆழமோ முழங்கால் அளவுதான். மூவரும் இறங்கிப் படகைத் தள்ளினோம். கேப்டன் வம்சமும் வியாபாரி வம்சமும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் வழுக்கின. நான் ஒரு தடவை முழுக்க உட்கார்ந்தே விட்டேன். சிரித்துச் சிரித்து யாருக்கும் தள்ளத் தெம்பில்லை.

அப்போதுதான் அப்பா சொன்னார். "தம்பி, அந்தச் சலாம் இன்னொரு தடவை செய்ங்க."

ஹாஜியார் சிரித்துக்கொண்டே செய்தார். நெற்றி, நெஞ்சு, தாடி.

அப்பா தண்ணீரில் நின்றபடியே தானும் செய்தார். நெற்றி, நெஞ்சு. அதன் பிறகு இடது தோள், வலது தோள்.

ஹாஜியாரின் சிரிப்பு நின்றுபோனது. இந்தக் கரையில் வேதக்காரர்களோடு சேர்ந்து கடலுக்குப் போகிறவர் அவர். சிலுவைக் குறி அவருக்குத் தெரியாததல்ல.

"எங்க தாத்தாவுக்கு ஒரு தம்பி. சந்தியாகு மச்சாதுன்னு பேரு," என்றார் அப்பா. "ஓடு ஏத்துன தோணியில சிலோனுக்கு வந்தவரு திரும்பவே இல்ல. தோணி முங்கிட்டுன்னு சொன்னாங்க. கல்லறைத் திருநாளுக்கு எல்லாருக்கும் கல்லறையில மெழுகுதிரி ஏத்துவோம். அவருக்குக் கல்லறை கிடையாதுல்லா? அதனால மதில் மேல, கடலைப் பாத்து ஏத்துவோம். இப்ப வரைக்கும் ஏத்துறோம்."

ஹாஜியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரிஸ்வான் என்னமோ டெஸ்ட் எடுத்த எண்டு சொன்ன. உங்களுக்கு அது தெரியுமா மகள்?"

சொல்லக்கூடாது என்று ரிஸ்வானிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை. "தெரியும் அங்கிள். அரபு நாடு வரல்ல. நம்ம ரெண்டு வீடும் சொந்தம்னு வந்திருக்கு."

"ஒரு சொட்டும் வரல்லயா?"

"இல்ல."

"எனக்கும் போர்த்துகல் ஒரு சொட்டு கிடையாது," என்றார் அப்பா. தன் வாயால் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஞானஸ்நானம் குடுத்தப்ப எவனோ ஒருத்தன் தன் பேரை எங்க தலையில வச்சிட்டுப் போயிருக்கான். அவ்வளவுதான்."

"இதச் சொல்லத்தானா கடல் தாண்டி வந்தீங்க?" என்றார் ஹாஜியார்.

படகில் ஏறினார். நாங்களும் ஏறினோம். புல்லைக் கத்தியால் அறுத்து எறிந்துவிட்டு, எஞ்சினைக் கிளப்பாமல் நீண்ட கம்பால் ஊன்றி ஊன்றித் தள்ளினார். முதுகு எங்கள் பக்கம். காலையிலிருந்து இருந்த குதூகலமெல்லாம் வடிந்துவிட்டது. அவருடைய பிரஷர், ரிஸ்வானுக்குக் கொடுத்த வாக்கு, நேற்றைய சோறு எல்லாம் நினைவுக்கு வந்தன. தீவில் இறக்கிவிட்டுப் போய்விடுவாரோ என்றுகூடத் தோன்றியது.

உச்சமுனையில் ஓலைக் குடிசைகளைத் தாண்டி மணலில் நடத்திக்கொண்டு போனார். இறந்தவர்களை அடக்கும், வேலியடைத்த சின்ன மையத்துக் கொல்லை. ஓர் ஓரத்தில் தலைமாட்டில் நட்ட ஒற்றைக் கல், அதில் பெயர்கூட இல்லை. ஹாஜியார் கைகளை ஏந்தி ஓதினார். அப்பா கொஞ்சம் தள்ளி நின்று கைகூப்பி உதட்டை மட்டும் அசைத்தார். காற்று இரண்டு பேருடைய முணுமுணுப்பையும் ஒன்றாகக் கலந்து கொண்டுபோனது.

ஓதி முடித்ததும் முகத்தைத் தடவிக்கொண்டு ஹாஜியார் கேட்டார்: "உங்கட தாத்தா இவரத் தேடினவரா?"

"சாகுற வரைக்கும் தேடினாரு. சிலோன் தோணி எது வந்தாலும் கரைக்கு ஓடுவாராம்."

ஹாஜியார் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "கள்ளன்," என்றார். "அண்ணன் தேடுறார் எண்டு தெரிஞ்சும் வாய் திறக்காம இருந்திருக்கார். எங்கட ஊர்ப் பொம்பிளையக் கண்டிருப்பார், அதுக்குப் பொறகு எந்த ஊர் ஞாபகம் வரும்?" தாடிக்குள்ளே உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். "அங்க நீங்க மெழுகுதிரி ஏத்துறீங்க. இங்க நாங்க வருசா வருசம் கத்தம் ஓதிக் கந்தூரிச் சோறு குடுக்கிறம். ரெண்டு பக்கத்து துஆவும் சேந்து மனுசனை நேரா சொர்க்கத்துக்குத் தள்ளியிருக்கும்!"

"அப்போ கற்பிட்டியில அரபு நாட்டுல இருந்து வந்தது கழுதை மட்டும்தான்," என்றார் அப்பா.

அவ்வளவுதான். இரண்டு கிழவர்களும் மையத்துக் கொல்லை வேலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். குடிசையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பும்போது எஞ்சின் ஒழுங்காக ஓடியது. கற்பிட்டிக் கரையில் கருவாடு காயப்போடும் இடத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கும் பெரிய மனிதர் ஒருவரும் இருந்தார். ஊரில் மசூது வம்சத்தின் பெருமையை ஹாஜியாரின் வாயால் பலமுறை கேட்டவர் என்பது, அவர் விசாரித்த தோரணையிலேயே தெரிந்தது.

"ஆரு ஹாஜியார், ரிஸ்வான்ட கூட்டாளிமாரா?"

ஹாஜியார் படகைக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சை ஒரு தடவை போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டார். அப்பா எதையும் எதிர்பார்க்காதவர் போல மேகத்தைப் பார்த்தார்.

"இல்ல," என்றார் ஹாஜியார். "இது எங்கட நானா. தூத்துக்குடி. ஒரே வம்சம். பகல் சாப்பாட்டுக்கு வாங்க, விரிவாக் கதைப்பம்."

நானா என்றால் அண்ணன். அப்பாவுக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் தெரிந்ததுபோல மீசையை நீவிக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு தோஹாவுக்குக் காணொளி அழைப்பு. ரிஸ்வான் கைபேசித் திரையில் எச்சில் விழுங்கினான். "வாப்பா, பிரஷர் எப்பிடி?" என்றான். "பிரஷருக்கு என்ன? உன்ட வாயத் திறந்து பல்லக் காட்டு," என்றார் வாப்பா. காட்டினான். அரிசிமணி. பரீதாவும் அப்பாவும் பக்கத்தில் நின்று தங்கள் பல்லைக் காட்டினார்கள். அங்கே அவனுடைய அறை நண்பர்களும் வந்து எட்டிப் பார்க்க, கொஞ்ச நேரம் இரண்டு நாடுகளிலும் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். என் தொழில் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான பரிசோதனை நடந்ததில்லை.

எனக்கு ஊரில் நோயாளிகள் காத்திருந்தார்கள். மறுநாள் கிளம்பினேன், தனியாக. விசாவில் இன்னும் நாள் இருக்கிறதாம், வண்ணாத்திவில்லுவில் ஹாஜியாரின் தோட்டத்தைப் பார்க்க வேண்டுமாம், கணவாய் பிடிபடும் பருவம் வரப்போகிறதாம். அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். கடன் வாங்கிய கட்டம்போட்ட சாரத்தில் பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றவரைப் பார்த்து இரண்டு பேர் சலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவரும் தாராளமாகத் திருப்பிச் சொன்னார்.

எனக்குச் சித்தி முறையாகிவிட்ட ஹலீமா சாச்சி ஒரு பொட்டலத்தை என் மடியில் திணித்தார். கருவாடு. பஸ் முழுக்க மணத்தது. ஹாஜியார் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கண்டக்டரிடம், "இது எங்கட மகள். கொழும்பில பத்திரமா இறக்கிவிடு, விளங்கினதா?" என்று அதட்டினார்.

கண்டக்டர் பயலுக்குச் சிரிப்பு. பஸ் நகர்ந்ததும் டிக்கெட் கிழிக்க வந்தவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். சுடிதார், கையில் மருத்துவக் கூட்டத்துப் பை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி.

"நீங்க மசூது வீடா?" என்றான் சந்தேகமாக.

"ஆமா," என்றேன். பொட்டலத்தைக் காலடியில் தள்ளி, பக்கத்தில் நின்ற அம்மாளுக்கு இடம் விட்டு ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன்.